டி.பி. கூப்பர் எங்கே விழுந்தான்? ஸ்கைடைவர்கள் போடும் கணக்கு

ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கியிருக்கிறீர்களா? கால் பட்ட இடத்திலேயே நிற்க முடியாது, பஸ் போகும் பக்கமாகவே நாலைந்து அடி ஓடித்தான் ஆகவேண்டும், நின்றால் குப்புற விழுவோம். பஸ்ஸுக்கே இந்தக் கதி என்றால், 3 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஜெட் விமானத்தின் வால்பக்கப் படியிலிருந்து, மழை இருட்டில், இடுப்பில் பத்து கிலோ பணத்தைக் கட்டிக்கொண்டு ஒருவன் குதித்தால் எங்கே போய் இறங்குவான்?

விமானத்தைக் கடத்திப் பணத்தோடு குதித்து மறைந்த, டி.பி. கூப்பர் என்று பெயர் பெற்ற ஒருவனை வைத்து, அமெரிக்காவில் 1971-இலிருந்து இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் யார் என்பதைத் துப்பறியும் ஆர்வலர்கள் தேடுகிறார்கள். ஸ்கைடைவர்களுக்கு, அதாவது வார இறுதியானால் விமானத்திலிருந்து குதிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு, அதைவிட எங்கே, எப்போது என்பதில்தான் ருசி. அவர்கள் பேசுவதைக் கேட்டால் முதலில் தலை சுற்றும், ஆனால் அடியில் இருப்பது ஒரே ஒரு எளிய கணக்கு. அது புரிந்துவிட்டால் இந்த வழக்கில் பாதிச் சண்டை ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கதை. 1971 நவம்பர் 24, புதன்கிழமை, அவர்களுடைய தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய நாள். ஓரிகான் மாநிலம் போர்ட்லாண்டில், சுமார் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, கோட்டும் கறுப்பு டையும் கட்டிய ஒருவன் டான் கூப்பர் என்ற பெயரில் சியாட்டிலுக்கு 20 டாலர் டிக்கெட் எடுத்தான். (டி.பி. கூப்பர் என்பது பத்திரிகைகள் செய்த தவறு, அதுவே நிலைத்துவிட்டது.) நார்த்வெஸ்ட் ஓரியன்ட் 305, போயிங் 727, அரைமணி நேரப் பயணம். பறக்க ஆரம்பித்ததும் பணிப்பெண் புளோரன்ஸ் ஷாஃப்னரிடம் ஒரு சீட்டை நீட்டினான், பெட்டியில் குண்டு இருக்கிறது என்று. கேட்டது 2 லட்சம் டாலரும் நான்கு பாராசூட்டும். சியாட்டிலில் பணமும் பாராசூட்டும் வாங்கிக்கொண்டு பயணிகளை இறக்கிவிட்டான். அந்த நேரம் முழுவதும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேசி, விமானி அறைக்கும் அவனுக்கும் நடுவே செய்தி கொண்டுபோனவர் 22 வயது டினா மக்லோ. கூப்பரைச் சாகசக்காரனாகப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணை மறந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. அன்று நிதானமாக இருந்து எல்லோரையும் காப்பாற்றியது அவர்தான்.

அப்புறம் மெக்சிகோ பக்கம் போகச் சொன்னான், ஆனால் சில நிபந்தனைகளோடு. உயரம் 10,000 அடிக்கு மேல் கூடாது, சக்கரங்களை உள்ளே இழுக்கக் கூடாது, இறக்கையின் பின்விளிம்பில் இறங்குகிற ஃபிளாப் என்ற தகடு 15 டிகிரியில் இருக்க வேண்டும், உள்ளே காற்றழுத்தம் ஏற்றக் கூடாது. இதைக் கேட்டதும் ஸ்கைடைவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஏனென்றால் இது ஒவ்வொன்றும் விமானத்தை மெதுவாக, தாழ்வாக, கதவைத் திறந்தாலும் ஆபத்தில்லாமல் பறக்க வைக்கிற நிபந்தனை. 727-க்கு வாலின் அடியில் ஒரு படிக்கட்டு உண்டு, அதைப் பறக்கும்போதே இறக்க முடியும், விமானி அறையிலிருந்து அதைத் தடுக்க வழி கிடையாது. இதெல்லாம் தெரிந்த ஆள் அவன்.

இரவு 7.40 வாக்கில் விமானம் கிளம்பியது. மக்லோவையும் விமானி அறைக்கு அனுப்பிவிட்டான். 8 மணி வாக்கில் படி திறந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. 8.13 வாக்கில் வால் பக்கம் திடீரென்று மேலே தூக்கிக்கொண்டது. வழியில் நெவாடா மாநிலத்து ரீனோவில் இறங்கிப் பார்த்தால் ஆள் இல்லை. கறுப்பு டையும், நான்கில் இரண்டு பாராசூட்டும், சிகரெட் துண்டுகளும் மட்டும் கிடந்தன.

இனி ஸ்கைடைவர்களின் கணக்குக்கு வருவோம். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்பாட்டிங். எந்த இடத்துக்கு மேலே குதித்தால் எந்த இடத்தில் இறங்குவோம் என்று முன்கூட்டியே கணிப்பது. இன்றைக்கு ஜிபிஎஸ் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள், அந்தக் காலத்தில் கதவு வழியாகத் தலையை நீட்டி, நேர் கீழே பார்த்து, விமானியை இடமோ வலமோ திருப்பச் சொல்லிக் குதிப்பார்கள். கூப்பர் விஷயத்தில் நாம் செய்வது தலைகீழ் ஸ்பாட்டிங்: குதித்தது இங்கே, அப்படியானால் இறங்கியது எங்கே?

நான்கு விஷயம் தெரிய வேண்டும். குதித்த கணத்தில் விமானம் எங்கே இருந்தது என்பது முதலாவது. அடுத்தது விமானத்தின் வேகம் அவனை எவ்வளவு தூரம் முன்னால் எறிந்திருக்கும் என்பது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நாம் ஓடுகிறோமே, அதுதான். அதற்குப் பிறகு பாராசூட் திறக்காமல் விழுந்த நேரத்தில் காற்று எவ்வளவு தள்ளியிருக்கும், கடைசியாகப் பாராசூட் திறந்த பிறகு எவ்வளவு தள்ளியிருக்கும்.

இதில் முன்னால் எறிவது என்பது பயப்படுகிற அளவுக்குப் பெரிதல்ல. எதிர்க்காற்று அறைந்து முன்வேகத்தைச் சில நொடிகளிலேயே தின்றுவிடும், சில நூறு மீட்டரோடு முடிந்துவிடுகிற சமாச்சாரம். பெரிய வித்தியாசம் கடைசி விஷயத்தில் இருக்கிறது, அதாவது பாராசூட்டை எப்போது திறந்தான் என்பதில். ஸ்கைடைவர்கள் இதை ஆங்கிலத்தில் 'புல்' (pull, அதாவது இழுப்பது) என்பார்கள், எந்த உயரத்தில் இழுத்தான் என்ற அர்த்தத்தில்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல்தான். பாராசூட் இல்லாமல் வயிறு கீழே இருக்கும்படி விழுகிற மனிதன் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்துக்குப் போவான், அதற்கு மேல் காற்று விடாது. முதல் 10 நொடியில் 1,000 அடி, அதற்குப் பிறகு ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை நொடி சொச்சம். அப்போதைய வட்டப் பாராசூட் திறந்துவிட்டாலோ நொடிக்கு 18 அடி போலத்தான் இறங்கும். காற்று நொடிக்கு 13 மீட்டர், அதாவது மணிக்கு 47 கிலோமீட்டர் போல அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

குதித்த உடனே இழுத்திருந்தால், 10,000 அடியிலிருந்து தரைக்கு வர ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்கக் காற்று அவனைத் தூக்கிக்கொண்டு போகும், கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். இன்னொருவன் இருட்டில் தைரியமாக முக்கால் நிமிடம் விழுந்து, 3,000 அடியில் இழுத்தான் என்றால் மீதி இறங்க மூன்று நிமிடம்கூட ஆகாது, மொத்த நகர்வும் 3 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இழுக்கவே இல்லை என்றால் ஒரு நிமிடத்தில் தரை, நகர்வு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. ஆக ஆளும் அதே ஆள், விமானமும் காற்றும் அதேதான், ஆனால் கை எந்த நொடியில் அந்தப் பிடியை இழுத்தது என்பதை வைத்து விழுந்த இடம் ஆறேழு கிலோமீட்டர் மாறுகிறது. காற்று எல்லா உயரத்திலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் அடிப்பதில்லை என்பதையும் சேர்த்தால் இன்னும் சிக்கல்.

இதோடு நேரத்தையும் சேருங்கள். விமானம் சுமார் 170 நாட் (மணிக்குச் சுமார் 315 கிலோமீட்டர்) வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, ஒரு நிமிடத்துக்கு 5 கிலோமீட்டர். 8.10-இல் குதித்தான் என்பவருக்கும் 8.13-இல் குதித்தான் என்பவருக்கும் இடையே 15 கிலோமீட்டர் காடு இருக்கிறது. எஃப்.பி.ஐ. பிறகு அதே விமானத்தை அதே மாதிரி பறக்கவிட்டு, வால் படியிலிருந்து 200 பவுண்டு எடையைத் தள்ளிப் பார்த்தது. வால் தூக்கிக்கொண்ட அதே அசைவு வந்தது, ஆகவே 8.13 என்று முடிவு செய்தார்கள். அந்த இரவு பின்னாலேயே எஃப்-106 போர் விமானங்கள் இரண்டு போயின. ஆனால் அவை அவ்வளவு மெதுவாகப் பறக்கத் தெரியாதவை, வளைந்து வளைந்து பின்தொடர வேண்டியிருந்தது. மேகத்திலும் இருட்டிலும் அவன் குதித்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சேர்த்து, அவன் விழுந்த இடமாக முதலில் தென்மேற்கு வாஷிங்டனில் ஏரியல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், லூயிஸ் ஆற்றின் மெர்வின் ஏரிப் பகுதியைக் குறித்தார்கள். 1972 வசந்தத்தில் கிட்டத்தட்ட 200 ராணுவ வீரர்கள் அந்தக் காட்டை அடி அடியாகத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டதும் புதியவர்கள் "அப்போ செத்துப்போயிருப்பான்" என்பார்கள். இங்கேதான் ஸ்கைடைவர்களுக்குள் நிஜமான மோதல். அவர்கள் பேச்சு வழக்கில் குதிக்காத வெளியாளுக்கு வஃபோ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு, எதுக்குய்யா விமானத்திலிருந்து குதிக்கிறீங்க என்று கேட்கிற ஆள் என்று அர்த்தம். கூப்பர் வஃபோவா, நம்ம ஆளா? மாலையில் கடைசிக் குதிப்பு முடிந்து பாராசூட்டை மடித்து வைத்துவிட்டு உட்காரும்போது இந்தக் கேள்வியைப் போட்டால் போதும், இரண்டு கட்சி பிரிந்துவிடும். அவர்களிடம் ஒரு பழைய வழக்கமும் இருக்கிறது, முதல் தடவையாக எதைச் செய்தாலும் மற்றவர்களுக்குப் பீர் வாங்கித் தர வேண்டும். முதல் ஜெட் குதிப்பு, முதல் இரவுக் குதிப்பு, முதல் படிக்கட்டுக் குதிப்பு என்று எண்ணிப் பார்த்தால் கூப்பர் தலையில் எத்தனை பெட்டி விழும்!

வஃபோ கட்சியின் வாதம் வலுவானதுதான். அவனுக்குக் கொடுத்த நான்கு பாராசூட்டில் இரண்டு முதுகில் மாட்டுவது, இரண்டு மார்பில் மாட்டுகிற அவசரகால ரிசர்வ். ரிசர்வில் ஒன்று வகுப்பில் காட்டுவதற்காக வாயைத் தைத்து வைத்தது, திறக்கவே திறக்காது. அவசரத்தில் தவறுதலாக வந்துவிட்டது. அவன் அதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நல்ல ரிசர்வைப் பிரித்து, அதன் கயிற்றை அறுத்துப் பணப்பையைக் கட்டிக்கொண்டான். முதுகுக்கும் திருப்ப முடிகிற விளையாட்டுப் பாராசூட்டை விட்டுவிட்டு, திருப்ப முடியாத பழைய ராணுவ வகையை எடுத்தான். காலில் சாதாரண ஷூ, மேலே மழைக்கோட்டு, வெளியே உறைநிலைக்குக் கீழே குளிர். அனுபவம் உள்ளவன் இப்படிச் செய்வானா என்று எஃப்.பி.ஐ.யும் இதைத்தான் கேட்டது.

எதிர்க் கட்சி விடுவதில்லை. அந்த ராணுவ வகை, வேகமாகப் போகும் விமானத்திலிருந்து தப்பிப்பதற்கென்றே செய்தது, ஜெட்டிலிருந்து குதிக்க அதுதான் சரி, ராணுவத்தில் பழகியவன் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பான் என்பார்கள். அந்த முதுகுப் பட்டையில் மார்பு ரிசர்வை மாட்டுகிற வளையமே கிடையாது, அப்படியிருக்க தைத்த ரிசர்வா நல்ல ரிசர்வா என்பது அவனுக்கு என்ன வித்தியாசம் என்றும் கேட்பார்கள். எப்படி மாட்டுவது என்ற விளக்கம் தனக்குத் தேவையில்லை என்றும் அவன் சொல்லியிருக்கிறான். ஆக, அவர்கள் பார்வையில் அவன் வார இறுதி ஸ்கைடைவர் இல்லை, ஆனால் பாராசூட்டைத் தொட்டுப் பழகிய விமானப்படை ஆள் அல்லது சரக்கு இறக்குகிற ஆள். எனக்கும் இதுதான் ஏறக்குறைய சரியாகப் படுகிறது. குதிக்கத் தெரிந்தவன் என்பதும் குதித்துக் குதித்துத் தேர்ந்தவன் என்பதும் வேறு வேறு. வெறுமனே இழுக்கத் தெரிந்திருந்தாலே போதும், வட்டப் பாராசூட் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதற்கு அவர்கள் காட்டுகிற பெரிய சாட்சி 1972. கூப்பரைப் பார்த்து அந்த ஒரே வருடத்தில் குறைந்தது ஐந்து பேர் விமானத்தைக் கடத்திப் பணத்தோடு குதித்தார்கள், ஐந்து பேரும் உயிரோடு தரைக்கு வந்தார்கள். ஏப்ரலில் ரிச்சர்ட் மெக்காய் என்பவன் இன்னொரு 727-இலிருந்து 5 லட்சம் டாலரோடு யூட்டா மாநிலத்தில் குதித்து, இரண்டே நாளில் பணத்தோடு பிடிபட்டான். மே மாதம் ஃபிரெடரிக் ஹானமன் ஹோண்டுராஸ் காட்டில் இறங்கினான். ஜூனில் மார்ட்டின் மெக்னாலி இந்தியானாவில் குதித்தபோது பணப்பை காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, ஆனால் முன்பின் பாராசூட்டே தொடாத அவன் பிழைத்தான்! ஐந்து பேர் பிழைத்தார்கள் என்பதால் ஆறாவது ஆளும் பிழைத்திருப்பான் என்று சொல்லிவிட முடியாது, உண்மைதான். ஆனால் ஜெட்டிலிருந்து குதித்தாலே சாவு என்ற பேச்சு மட்டும் இதோடு அடிபட்டுப் போகிறது. குதிப்பதைவிட இறங்குவதுதான் கூப்பருக்கு ஆபத்து. ஓங்கி வளர்ந்த டக்ளஸ் ஃபிர் மரக்காடு, நவம்பர் குளிரில் ஆறு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டு. தரை எப்போது வரும் என்று தெரியாமல் கால் ஊன்றுவதைப் பற்றி இரவில் குதித்தவர்களிடம் கேளுங்கள்.

1980 பிப்ரவரியில் எல்லாக் கணக்கும் கலைந்தது. கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல்திட்டில், குடும்பத்தோடு வந்த 8 வயதுச் சிறுவன் நெருப்பு மூட்டுவதற்காக மணலைத் தள்ளும்போது மூன்று கட்டு நோட்டு கிடைத்தது. 5,800 டாலர், ஓரமெல்லாம் மக்கியிருந்தது, ரப்பர் பேண்டு அப்படியே இருந்தது. வரிசை எண் பொருந்தியது, கூப்பரின் பணமேதான்.

இதில் என்ன சிக்கல் என்றால், லூயிஸ் ஆறு கொலம்பியாவில் கலக்கிற இடம் டீனா பாருக்குக் கீழே இருக்கிறது. ஏரியல் பக்கம் விழுந்த பணம் மிதந்து வந்திருந்தால் ஆற்றை எதிர்த்து மேலே ஏறியிருக்க வேண்டும். ஆகவே மேலே, கிழக்கே இருக்கிற வாஷூகல் ஆற்றுப் பக்கம் விழுந்திருப்பான் என்றார்கள் சிலர், விமானம் நாம் நினைத்ததைவிடக் கிழக்கே பறந்தது, காற்றின் திசையையே தப்பாக எடுத்துவிட்டார்கள் என்று. வேறு சிலர் இல்லை, விமானம் மேற்கே தள்ளிப் பறந்தது, பணம் நேராக ஆற்றுப் பக்கமே விழுந்தது என்றார்கள். பிழைத்த கூப்பரே வந்து புதைத்தான் என்ற கட்சியும் உண்டு. 1974-இல் ஆற்றைத் தூர் வாரி அந்தக் கரையில் மணலைக் கொட்டியிருந்தார்கள், அதோடு வந்திருக்கலாம் என்றும் ஒரு வாதம் எழுந்தது, ஆனால் பணம் அந்த வண்டல் அடுக்குக்கு மேலேதான் இருந்தது என்று புவியியலாளர் ஒருவர் சொன்னார்.

அமெச்சூர் ஆராய்ச்சி என்றால் சிரிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். டாம் கே என்பவர் தலைமையில் ஒரு தன்னார்வக் குழு அந்த நோட்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. நீரில் வாழும் டயாட்டம் என்கிற நுண்பாசி நோட்டில் ஒட்டியிருந்தது, அதுவும் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் பெருகுகிற வகை. 2020-இல் வெளியான முடிவு இது: நவம்பரில் குதித்த உடனே அந்தப் பணம் ஆற்றில் விழவில்லை, மாதக்கணக்கில் எங்கேயோ உலர்ந்து கிடந்து, பிறகுதான் நனைந்தது. எத்தனை பேர் எத்தனை வருடம் ஆறு, காற்று என்று வாதாடிய பிறகு, பாசி ஒன்று பருவத்தைச் சொல்லிவிட்டது, எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பிடித்த துப்பு இதுதான். அதே குழு, கூப்பர் விமானத்தில் விட்டுப்போன டையில் சுத்தமான டைட்டேனியத் துகள் இருப்பதையும் கண்டது. 1971-இல் அது அபூர்வம் என்பதால் உலோகத் தொழிற்சாலை, விமானத் தொழிற்சாலை என்று யூகங்கள் கிளம்பின.

யூகங்கள் எப்படித் தடுமாறும் என்பதற்கு 2008-இல் நடந்தது உதாரணம். ஆம்பாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பாராசூட் வெளியே வந்தது, இடம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது, எல்லோரும் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார்கள். துணி பட்டு. கூப்பருடையது நைலான். அது 1940களின் பாராசூட் என்று முடிந்தது.

2016 ஜூலையில் எஃப்.பி.ஐ. தீவிர விசாரணையை நிறுத்திக்கொண்டது. இதற்குள் 727-கள் எல்லாவற்றின் வாலிலும் கூப்பர் வேன் என்று ஒரு சிறு தகடு வந்துவிட்டிருந்தது, விமானம் பறக்கும்போது எதிர்க்காற்றே அதைத் திருப்பிப் படியைப் பூட்டிவிடும், தரையில் நின்றால் தானே விலகிக்கொள்ளும்.

சரி, இனி யாராவது உங்களிடம் ஒரு வரைபடத்தை விரித்து, கூப்பர் இந்த இடத்தில்தான் இறங்கினான் என்று விரல் வைத்துக் காட்டினால், அவர்களிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். குதித்த நேரம் எத்தனை மணி என்று எடுத்துக்கொண்டீர்கள், எந்த உயரத்தில் பாராசூட்டை இழுத்தான் என்று வைத்தீர்கள், 10,000 அடிக்கும் தரைக்கும் நடுவே காற்று எந்தப் பக்கம் அடித்தது? முதலாவதுக்குப் பெரும்பாலும் 8.13 என்று பதில் வரும். மூன்றாவதுக்கு வானிலைப் பதிவைக் காட்டுவார்கள். இரண்டாவதைக் கேட்டதும் அனுபவமுள்ள ஸ்கைடைவராக இருந்தால் சிரித்துக்கொண்டே தான் எந்த உயரத்தில் இழுத்திருப்பேன் என்று சொல்ல ஆரம்பிப்பார்.